ஆறும் ஆற்றலும்

ஆறு என்னும் சொல்லுக்கு வழி என்னும் பொருளும் உண்டு. ஆற்றுக்கு எவரும் வழி அமைத்துக் கொடுப்பதில்லை. அது தன் வழியைத் தானே வகுத்துக்கொள்கிறது. அதற்குக் கருவியாவது ஓடும் நீரின் ஆற்றலே.

குடகு மலையில் ஏறத்தாழ 1,276 மீட்டர் உயரத்தில் தோன்றும் காவிரி, ஏறத்தாழ 800 கிலோமீட்டர் கடந்து கடலை அடைகிறது. உயரத்திலிருந்து இறங்குங்கால் நீரின் நிலையாற்றல் இயக்க ஆற்றலாக மாறுகிறது. அதன் பெரும்பகுதி உராய்வினால் வெப்பமாகிக் கழிந்துவிடும். எஞ்சிய சிறுபகுதியே பாறையைக் குடைகிறது, மணலைச் சுமக்கிறது. நீரின் விரைவு இருமடங்கானால் அதன் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும். ஆகவே, பல திங்கள் மெல்ல ஓடும் நீரால் ஆகாத செயலைச் சில நாள் வெள்ளம் முடித்துவிடுகிறது.

ஒகேனக்கல்லில் கடும்பாறையை அறுத்து ஆழ்ந்த பள்ளத்தில் பாயும் அதே காவிரி, சமவெளியை அடைந்ததும் சரிவு குறைந்து, விரைவு தளர்ந்து, சுமந்து வந்த மணலையும் வண்டலையும் இறக்கிவைக்கிறது. வளைவுகளில் வெளிக்கரையை அரிக்கிறது; உட்கரையில் மணலைச் சேர்க்கிறது. அரித்தலும் சேர்த்தலும் ஒன்றையொன்று ஈடுசெய்யும்போது ஆறு நிலைபெறுகிறது.

இவ்வொழுங்கில் மனிதர் கைவைத்தால் ஆறு வாளாவிருப்பதில்லை. திருச்சிராப்பள்ளிக்கு அருகே முக்கொம்பில் காவிரியினின்று கொள்ளிடம் பிரிகிறது. கொள்ளிடத்தின் சரிவு மிகுதி. ஆதலின் நீர் அதனையே நாடியது. காவிரியோ மணலால் மேடிட்டது. அதனைத் திருத்த 1836-இல் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் தலைப்பில் மேலணையைக் கட்டினார். காவிரியில் நீர் பெருகியது. ஆனால், படுகை அரிபடலாயிற்று. பின்னர்க் காவிரியின் தலைப்பிலும் ஒரு தடுப்பு அமைக்க நேர்ந்தது. ஓரிடத்தில் செய்த மாற்றத்திற்கு ஆறு வேறோரிடத்தில் விடை கூறியது.

1934-இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணை உழவர்க்குப் பெருநன்மை செய்தது. எனினும், மேலிருந்து வரும் மணலில் பெரும்பகுதி அதன் நீர்த்தேக்கத்திலேயே தங்கிவிடுகிறது. சுமை இழந்த நீர், தன் ஆற்றலைக் கீழ்ப்படுகையை அரிப்பதில் செலவிடும். அந்நிலையில் படுகையிலுள்ள மணலையும் வரைமுறையின்றி அள்ளுவது, கடன்பட்டவன் வீட்டிலேயே கன்னமிடுவதை ஒக்கும். படுகை தாழும், கரை சரியும், பாலத்தின் அடித்தளம் வெளிப்படும், கிணறுகளின் நீர்மட்டம் இறங்கும். 2018 ஆகஸ்டு 22-இல் வெள்ளத்தில் மேலணையின் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. கட்டடத்தின் முதுமையும் அதற்குக் காரணமாகலாம். ஆயினும், தாழ்ந்துவரும் படுகையின்மீது எத்துணை வலிய கட்டடமும் நெடுநாள் நிலைக்குமோ?

வீடு கட்ட மணல் வேண்டாவோ எனச் சிலர் வினவுவர். வேண்டும்; மறுப்பாரில்லை. ஆனால், ஓர் ஆண்டில் ஆறு கொணர்வது எவ்வளவு என்று அறிந்து, அதற்குக் குறைவாகவே எடுத்தல் வேண்டும். மிகுதித் தேவைக்குக் கல்லை நொறுக்கிச் செய்யும் மணல் இருக்கின்றது. கரையில் நாணலையும் மரங்களையும் காத்தால் அவற்றின் வேர்கள் மண்ணைப் பற்றிநின்று வெள்ளத்தின் விரைவைத் தணிக்கும்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது பழமொழி. ஆற்றிலிருந்து எடுப்பதற்கும் அவ்வளவு வேண்டும் அன்றோ?