சாலையை மூடலாமா? யாருக்கு மூடுவது?



நான் குடியிருக்கும் தாமானில் இப்போது ஒரே பேச்சுதான். எங்கள் வீடுகளின் முன்னால் செல்லும் சாலையின் ஒரு முனையை அடைத்துவிட வேண்டும் என்று பலரும் விரும்புகின்றனர். நகராண்மைக் கழகத்திற்கு அனுப்பவிருக்கும் மனுவில் ஒப்பமிடுமாறு என்னிடமும் கேட்டனர். எழுதுகோலை எடுத்தேன், பிறகு கீழே வைத்துவிட்டேன். ஏன் என்பதைச் சொல்லவே இந்தப் பதிவு.

முதலில் அவர்கள் பக்க நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். கோல சிலாங்கூரிலிருந்து தஞ்சோங் காராங், செகிஞ்சான், சபாக் பெர்ணம் எனச் செல்லும் ஐந்தாம் எண் கூட்டரசுச் சாலை வார இறுதிகளில் திணறுகிறது. மின்மினியைப் பார்க்கவும் கடலுணவு உண்ணவும் வருவோர் ஒருபுறம். செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் மறுபுறம். 2011இல் லாத்தார் நெடுஞ்சாலை திறக்கப்பட்ட பிறகு கோலாலம்பூர்ப் பக்கமிருந்து வருவதும் எளிதாகிவிட்டது. நெரிசல் என்றதும் கைப்பேசியில் வேஸ் செயலி குறுக்கு வழி காட்டுகிறது. அந்தக் குறுக்கு வழிதான் எங்கள் பிள்ளைகள் மிதிவண்டி ஓட்டும் சாலை!

மக்கள் நடமாடும் சாலைகளில் வேகம் மணிக்கு 30 கிலோமீட்டரைத் தாண்டலாகாது என உலகச் சுகாதார நிறுவனம் வலியுறுத்துகிறது. வேகம் இரு மடங்கானால் மோதும் ஆற்றல் நான்கு மடங்காகும். அறுபதில் வரும் வண்டியின் முன் ஏழு வயதுக் குழந்தை என்ன செய்யும்? ஆகவே, அச்சம் உண்மையானது. அதை நான் மறுக்கவில்லை.

ஆனால், சாலையின் மறுமுனையில் செம்பனைத் தோட்டம் இருக்கிறது. இன்னும் சில குடும்பங்கள் அங்குள்ள பழைய லயன் வீடுகளில் வாழ்கின்றன. என் வகுப்பு மாணவன் ஒருவன் அங்கிருந்துதான் வருகிறான். செய்தி அவன் காதுக்கும் எட்டியிருக்கிறது. "கேட் போட்டுட்டா, பாட்டியை இரத்தம் சுத்தம் பண்ண எப்படி டீச்சர் கூட்டிட்டுப் போறது?" என்று கேட்டான். அவர்களுக்கு இருக்கும் வேறு வழி மழை பெய்தால் சேறாகிவிடும் செம்மண் பாதை. எனக்கு மறுமொழி சொல்லத் தெரியவில்லை. மனுவில் அந்தக் குடும்பங்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

நம் வரலாற்றைக் கொஞ்சம் திரும்பிப் பார்ப்போம். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம் முன்னோர் வேலைநிறுத்தம் செய்தனர். ஊதியம், மருத்துவம், பிள்ளைகளின் கல்வி ஆகியவற்றோடு வேறு இரு கோரிக்கைகளும் அவர்களிடம் இருந்தன. ஒன்று, உறவினரும் நண்பரும் தடையின்றித் தோட்டத்திற்குள் வந்துபோக வேண்டும். மற்றொன்று, துரையைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும். வழியில் தடுக்கப்படுவதன் அவமானத்தை அவர்கள் அறிந்திருந்தனர். அவர்களின் பேரப்பிள்ளைகளாகிய நாம் இன்று தாமானுக்குள் வந்துவிட்டோம். வெளியே நிற்பவரை மறந்து தடுப்புக் கம்பம் நடலாமா?

சட்டம் என்ன சொல்கிறது? பொதுச் சாலையில் தடை ஏற்படுத்துவது 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 46ஆம் பிரிவின்படி குற்றம். அதே வேளையில், கோத்தா டாமன்சாராவின் டிவில்லா இகுவெஸ்திரியன் குடியிருப்பு வழக்கில், ஊராட்சி மன்றத்தின் ஒப்புதலோடு அமைந்த காவல் சாவடியும் தடுப்புக் கம்பமும் சட்டவிரோதத் தடையாகா என்று 2015இல் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கம்பத்தைத் தாமே தூக்கிச் செல்ல நேர்வது வசதிக் குறைவுதானே தவிர, வழி மறுக்கப்பட்டதாகாது என்பது அதன் சாரம். அப்படியானால், வழி இருக்க வேண்டும் என்பதே அடிப்படை!

முழுமையாக மூடுவதற்கும் அப்படியே விட்டுவிடுவதற்கும் இடையில் வேறு வழிகள் உள்ளன. இத்தாலியின் போல்சானோ நகரில் 1980களின் இறுதியிலேயே பள்ளி தொடங்கும், முடியும் நேரங்களில் மட்டும் பள்ளித் தெருவை வண்டிகளுக்கு மூடினார்கள். 2020க்குப் பிறகு இலண்டனில் நூற்றுக்கணக்கான பள்ளிகள் அம்முறைக்கு வந்துள்ளன.

எனவே, என் பரிந்துரைகள் இவை:

1. பள்ளி நேரத்தில் மட்டும் குறுக்கு வழி வண்டிகளுக்கு மூடுவோம். குடியிருப்பாளர், தோட்டத்து மக்கள், பள்ளி வேன், நோயாளி வண்டி ஆகியவற்றுக்கு எந்நேரமும் வழி உண்டு.

2. லோரிகளைத் தடுக்க உயரக் கம்பம் வைப்பதாயின், தீயணைப்பு வண்டியும் பள்ளிப் பேருந்தும் அதனால் தடைபடும் என்பதை மறவாதீர். திறக்கக்கூடிய கம்பமே தேவை; திறவுகோல் யாரிடம் என்பதையும் முன்பே முடிவு செய்க.

3. ஆறு மாதம் சோதித்துப் பார்ப்போம். முன்னும் பின்னும் வண்டிகளை எண்ணுவோம். ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்குத் தரவு கையாளுதல் பாடத்திற்கு இதைவிட நல்ல பயிற்சி கிடைக்குமா?

4. எல்லாவற்றுக்கும் முன்னதாக, தோட்டத்துக் குடும்பங்களைக் கூட்டத்திற்கு அழைத்து அவர்கள் சொல்வதைக் கேட்போம்.

இன்னும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். காலையில் தாமதமாகிவிட்டால் நானும் பக்கத்துத் தாமானின் ஒரு தெரு வழியாகத்தான் பள்ளிக்கு விரைகிறேன். அந்தத் தெருவிலும் குழந்தைகள் இருக்கிறார்கள். பிள்ளைகளைக் காரில் இறக்கிவிடும் பெற்றோர் பலரும் இதையே செய்கிறோம். கம்பம் நடுவதற்கு முன்னால் நம் கால் அழுத்தும் எண்ணெய் மிதியை நாமே கட்டுப்படுத்துவோம்.

அடுத்த கூட்டத்திற்கு அந்த மாணவனின் அப்பாவையும் அழைத்திருக்கிறேன். அவர் பேசிய பிறகே ஒப்பமிடுவதா வேண்டாமா என்று முடிவு செய்வேன். உங்கள் பகுதியில் என்ன செய்தீர்கள்? கருத்துகளை எழுதுங்கள்.