மெதுவாக எழுதுகிறவர் அல்ல காரோ

அமெரிக்க வாழ்க்கை வரலாற்றாசிரியர் ராபர்ட் காரோவைப் பற்றிப் பேச்சு வந்தால் முதலில் ஒரு கணக்கைச் சொல்வார்கள். அரை நூற்றாண்டுக்கு மேல் உட்கார்ந்து எழுதி இரண்டே இரண்டு பேரைத்தான் எழுதியிருக்கிறார். அதிலும் இரண்டாமவர் இன்னும் முடியவில்லை. ஒருவர், எந்தத் தேர்தலிலும் வெல்லாமலே நியூயார்க் நகரத்தை நாற்பது ஆண்டுகளுக்கு மேல் தன் விருப்பப்படி இடித்துக் கட்டிய ராபர்ட் மோசஸ். மற்றவர் அமெரிக்காவின் 36ஆவது அதிபர் லிண்டன் ஜான்சன். கணக்கு முடிந்ததும் தீர்ப்பு வரும்: காசும் நேரமும் உள்ளவர் வளர்த்த பித்து இது, நல்ல எடிட்டர் வாய்த்திருந்தால் பாதியிலேயே நிறுத்தியிருப்பார். இரண்டு புலிட்சர் பரிசுகளை நினைத்துக்கொண்டு சிலர் இதையே பாராட்டாகத் திருப்பி, ‘அடேயப்பா, என்ன பொறுமை!’ என்பார்கள். இரண்டு பேச்சும் ஒரே இடத்தில்தான் சறுக்குகின்றன.

காரோ மெதுவாக எழுதுகிறவரே அல்ல. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் படைப்பெழுத்து வகுப்புக்கான கதைகளைக் கடைசி நேரத்தில் உட்கார்ந்து மளமளவென்று எழுதி, நல்ல மதிப்பெண்ணும் வாங்கிக்கொண்டிருந்தவர். ஆசிரியரை ஏமாற்றிவிட்டோம் என்றுதான் நினைத்திருந்தார். அந்த ஆசிரியர், விமர்சகர் ஆர்.பி. பிளாக்மர், கடைசிச் சந்திப்பில் கதைகளைப் புகழ்ந்துவிட்டு, விரல்களால் யோசிப்பதை நிறுத்தாதவரை நீ நினைக்கும் இடத்துக்குப் போகமாட்டாய் என்ற பொருளில் ஒரு வார்த்தை சொன்னார். பிறகு ‘நியூஸ்டே’ நாளிதழில் நிருபராக இருந்தபோதும் வேகம் குறையவில்லை. புத்தகம் எழுதத் தொடங்கியபோதுதான் தன் வேகத்துக்குத் தானே பயந்து முதல் பிரதிகளைக் கையால் எழுத ஆரம்பித்தார். கையெழுத்துப் பிரதிகள் முடிந்த பின்தான் ஸ்மித்–கொரோனா தட்டச்சுப்பொறி. ஓட முடிந்தவர் வேண்டுமென்றே நடப்பதைச் சோம்பல் என்றோ சுபாவம் என்றோ எழுதிவிட முடியாது.

காசு உள்ளவர் என்ற பேச்சுக்கு அதிக இடம் தேவையில்லை. மோசஸ் வரலாற்றுக்குப் பதிப்பகம் ஒப்புக்கொண்ட முன்பணம் 5,000 டாலர். கைக்கு வந்தது அதில் பாதி. ஒன்பது மாதத்தில் முடிந்துவிடும் என்று வேலையை விட்டவருக்கு ஏழு ஆண்டுகள் ஆயின. நிதிநல்கை தீர்ந்த பிறகு ஒருநாள் அவர் மனைவி ஐனா, லாங் ஐலண்டில் இருந்த வீட்டை விற்றுவிட்டேன் என்று வந்து சொன்னார். குடும்பம் பிராங்ஸ் பகுதியில் ஒரு வாடகைக் குடியிருப்புக்குப் போயிற்று. அவர் நம்பி வேலை கொடுத்த ஒரே ஆய்வு உதவியாளரும் அந்த ஐனாதான். இதை ஆடம்பரம் என்பவர்கள் வீட்டு வாடகை கட்டியதில்லை போலும்.

கனமான வாதம் அடுத்தது: இத்தனை ஆண்டு தேடி அவர் கண்டெடுத்ததை, கெட்டிக்கார ஆய்வாளர் ஒருவர் இரண்டு மூன்று ஆண்டுகளில் எடுத்திருக்கலாம், அதிலும் ஆவணங்களை ஸ்கேன் செய்து வைக்கும் இந்தக் காலத்தில்.

டெக்சாஸ் மாநிலம் ஆஸ்டினில் உள்ள ஜான்சன் நூலகத்துக்குக் காரோ போனபோது அங்கே சுமார் நாற்பதாயிரம் பெட்டிகள், மூன்று கோடிக்கு மேற்பட்ட பக்கங்கள். அத்தனையையும் யாரும் படிக்க முடியாது. ஆனால் ‘நியூஸ்டே’யில் அவருடைய ஆசிரியர் ஆலன் ஹாத்வே சொல்லித்தந்த பாடம் ஒன்று உண்டு: எதையும் நீயாக ஊகிக்காதே, ஒவ்வொரு பக்கத்தையும் புரட்டு. ஜான்சன் இளம் காங்கிரஸ் உறுப்பினராக இருந்த காலத்துப் பெட்டிகளையாவது முழுக்கப் புரட்டுவது என்று முடிவு செய்தார். புரட்டும்போது கடிதங்களின் தொனி அவர் கண்ணில் பட்டது. 1940 அக்டோபர் வரை மூத்த உறுப்பினர்களிடம் சில நிமிட நேரம் கேட்டு இந்த இளைஞர் எழுதுகிறார். நவம்பருக்குப் பின் அந்த மூத்தவர்கள் இவரிடம் நேரம் கேட்டு எழுதுகிறார்கள். ஒரு மாதத்தில் என்ன நடந்தது?

வாஷிங்டன் அரசியலில் பழம் தின்று கொட்டை போட்ட தாமஸ் கார்கரனிடம் கேட்டார். பணம்தான், ஆனால் அதை உன்னால் எழுத முடியாது, எதுவும் காகிதத்தில் இருக்காது என்றார் அவர். ஆனால் காகிதத்தில் இருந்தது. அணை கட்டும் ஒப்பந்தத்தால் வளர்ந்த ‘பிரவுன் அண்ட் ரூட்’ நிறுவனத்தின் ஜார்ஜ் பிரவுன், 1940 அக்டோபரில் ஜான்சனுக்கு அனுப்பிய தந்தி அது. காசோலைகள் வந்து சேர்ந்தனவா என்று விசாரிக்கிறது. ஆளுக்கு 5,000 டாலராக ஆறு பேர் பெயரில் மொத்தம் 30,000 டாலர். டெக்சாஸ் பணத்தைத் தேர்தலில் தவிக்கும் சக உறுப்பினர்களுக்குப் பங்கிடும் வாய்க்காலாக 32 வயது இளைஞர் ஒருவர் மாறிவிட்டார். அவருடைய தேசிய அதிகாரம் தொடங்கியது அங்கேதான்.

இந்தத் தந்தி இன்று கணினியில் இருந்தாலும் தேடுபொறிக்குக் கேள்வி வேண்டும். கேள்வி பிறந்தது, கேட்க எதுவும் இல்லாத நூற்றுக்கணக்கான கடிதங்களைப் படித்ததில். அந்தக் கடிதங்களைத் தாண்டிப் போயிருந்தால் காரோவுக்கும் தந்தி வெறும் தந்திதான்.

ஆவணத்தில் இல்லாததற்கு என்ன செய்வது? ஜான்சன் பிறந்து வளர்ந்த ஹில் கன்ட்ரி பகுதி மக்கள் வெளியூர்க்காரரிடம் மனம்விட்டுப் பேசவில்லை. காரோவும் ஐனாவும் அங்கேயே போய் மூன்று ஆண்டுகள் குடியிருந்தார்கள். மின்சாரம் வருவதற்கு முன் தாங்கள் பட்ட பாட்டைப் பண்ணைப் பெண்கள் அப்போதுதான் சொன்னார்கள். சராசரிக் குடும்பத்துக்கு நாளுக்கு 200 கேலன் தண்ணீர் வேண்டும். கிணற்றில் இறைத்துச் சுமக்க வேண்டும். ஒருத்தி பழைய வாளியைக் காரோவின் கையில் கொடுத்தே இறைக்கச் சொன்னாள். கயிற்றை இழுத்துப் பார்த்த பிறகுதான், மின்கம்பி கொண்டுவந்த ஜான்சனை அந்தப் பெண்கள் ஏன் அப்படிக் கொண்டாடினார்கள் என்பது அவருக்கு விளங்கியது. தண்ணீரும் வெளுப்பும் இஸ்திரியும் ஒரு பெரிய அரசியல் வரலாற்றின் மையத்தில் வந்து உட்கார்ந்தது அப்படித்தான். ஜான்சன் வரலாற்றின் முதல் தொகுதியில் நான் அடிக்கடி திரும்பிப் படிப்பது அந்த அத்தியாயத்தைத்தான்.

ஜான்சனின் தம்பி சாம் ஹூஸ்டன் முதலில் ஊரறிந்த பழைய கதைகளையே, மெருகேற்றி, சொல்லிக்கொண்டிருந்தார். காரோ அவரை அண்ணனும் தம்பியும் வளர்ந்த பழைய வீட்டின் சாப்பாட்டு மேசையில், சிறுவயதில் உட்கார்ந்த அதே இடத்தில் உட்காரவைத்து, தான் முகம் தெரியாதபடி பின்னால் அமர்ந்துகொண்டார். அப்பாவுக்கும் லிண்டனுக்கும் நடந்த சண்டைகள் மெல்ல மெல்ல வெளியே வந்தன. அதன் பிறகு, முன்பு சொன்ன அழகான கதைகளை மறுபடி சொல்லச் சொன்னபோது, அவை நடக்கவே இல்லை என்றார் தம்பி. அந்தக் கதைகள் காரோவுக்கு முன்பு வந்த ஜான்சன் வரலாறுகளில் ஏறி உட்கார்ந்திருந்தவை. விரைந்து எழுதியவர்கள் எதைக் கொண்டுபோனார்கள் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

நீளம், எடிட்டர் என்ற புகாருக்கு வருவோம். எடிட்டர் இல்லாதவர் அல்ல காரோ. 2023இல் இறக்கும்வரை அவருடைய எல்லா நூல்களையும் செப்பனிட்ட ராபர்ட் காட்லீப், அமெரிக்கப் பதிப்புலகில் பெரிய பெயர். பத்து லட்சம் சொற்களைத் தாண்டிய மோசஸ் நூலிலிருந்து இருவரும் சேர்ந்து சுமார் மூன்றரை லட்சம் சொற்களை வெட்டினார்கள். மோசஸை எதிர்த்து நின்ற ஜேன் ஜேக்கப்ஸ் பற்றிய அத்தியாயமே அதில் போயிற்று. 1974இல் வந்த ஆயிரத்து இருநூற்றுச் சொச்சம் பக்கம் வெட்டியபின் மிஞ்சியது. ஒரே கருத்தைச் சுற்றிச் சுற்றி அடிக்கும் பழக்கம் காரோவிடம் உண்டு. அங்கங்கே நானே பக்கங்களைத் தள்ளியிருக்கிறேன். ஆனால் பிராங்ஸின் ஈஸ்ட் டிரெமான்ட் வழியே ஒரு மைல் விரைவுச்சாலை போட 1,530 குடும்பங்களை வெளியேற்றிய கதையைச் சுருக்கினால் அது மறுபடி புள்ளிவிவரமாகிவிடும். மோசஸின் அலுவலகத்தில் அது புள்ளிவிவரமாக இருந்ததால்தானே சாலை அவ்வழியே போயிற்று?

காரோ ஜான்சனை வெறுத்தார் என்ற குற்றச்சாட்டில் ஓரளவு உண்மை உண்டு. ஜான்சன் வரலாற்றின் இரண்டாம் தொகுதி 1948 செனட் வேட்பாளர் தேர்தலை விசாரிக்கிறது. ஜான்சன் 87 வாக்கில் வென்றார். 13ஆம் எண் பெட்டியில் பிறகு சேர்ந்த இருநூற்றுச் சொச்சம் வாக்குகளே காரணம். அந்தச் சாவடியின் பொறுப்பாளர் லூயிஸ் சாலஸ், மோசடியை 1977இலேயே ஒரு செய்தி நிறுவனத்திடம் ஒப்புக்கொண்டிருந்தார். காரோ அவரையும் தேடிப்பிடித்து, அவர் எழுதிவைத்திருந்த நினைவுக்குறிப்பை வாங்கிப் படித்தார். அந்த உழைப்பில் குறையில்லை. ஆனால் தோற்ற கோக் ஸ்டீவன்சனைக் காவிய நாயகன்போல் நிமிர்த்தி, அவருடைய இனவெறியை ஓரமாக வைத்தது தவறு. மோசஸ் நூலிலும், கறுப்பின ஏழைகள் பேருந்தில் கடற்கரைக்கு வராதிருக்கவே பாலங்களைத் தாழ்வாகக் கட்டினார் என்ற புகழ்பெற்ற கதை பெரும்பாலும் ஓர் உதவியாளரின் வாய்மொழியை நம்பி நிற்பது. பின்னால் வந்த ஆய்வாளர்கள் அதைக் கேள்விக்கு உட்படுத்தியிருக்கிறார்கள். காரோவை மறுக்க நினைப்பவர்கள் அங்கே நின்று மறுக்கலாம். ஆண்டுகளை எண்ணி ஒன்றும் ஆகாது.

வெறுப்பு ஒன்றே எழுதவைத்தது என்றால் மூன்றாம் தொகுதி என்ன கணக்கு? 2003இல் இரண்டாவது புலிட்சரைப் பெற்ற அந்த நூலில், 1957 சிவில் உரிமைச் சட்டத்தைத் தென்மாநில செனட்டர்களின் பிடியிலிருந்து ஜான்சன் வெளியே கொண்டுவரும் சாமர்த்தியத்தை ரசிக்காமல் எழுதியிருக்க முடியாது. 2012இல் வந்த நான்காம் தொகுதியில், கென்னடி கொலையுண்ட சில நாட்களிலேயே, இதில் கைவைக்காதீர்கள் என்ற ஆலோசகர்களின் பேச்சைத் தள்ளிவிட்டு சிவில் உரிமையை முன்வைக்கும் அதிபர் வருகிறார். கொட்டுல்லா என்ற ஊரில் மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகளுக்கு அவர் பாடம் நடத்திய ஓராண்டை முதல் தொகுதியிலேயே பொறுமையாகச் சொல்லிவைத்ததால்தான் அது நாடகமாகத் தெரிவதில்லை.

மிச்சம் ஒன்று: ஐந்தாம் தொகுதி வரவில்லை. 1935இல் பிறந்த காரோ தொண்ணூறைத் தொட்டுவிட்டார். வியட்நாம் போர் முழுவதும் அந்தத் தொகுதிக்குள்தான் இருக்கிறது. முடிக்காமல் போனால் ஐம்பது ஆண்டுகளும் வீண் என்பது சிலரின் கடைசி அம்பு. ஆனால் முடியாத நூலின் குறையை முடிந்த நான்கின் தலையில் ஏற்ற முடியாது. 1940இல் பணம் எப்படி நகர்ந்தது, 1948இல் வாக்கு எப்படிச் சேர்ந்தது, 1957இல் செனட் எப்படி வளைந்தது என்று கேட்பவர்கள் வியட்நாம் தொகுதிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. பதில்கள் 1982 முதல் ஒவ்வொன்றாக அச்சில் இருக்கின்றன.