கைப்பக்குவமாவது கத்திரிக்காயாவது!

சமையல் குறிப்பு அட்டை வேண்டும் என்று இணையத்தில் தேடிப் பாருங்கள். ஓரமெல்லாம் பூ, மூலையில் தொப்பி போட்ட ஒரு சமையல்காரர், அப்புறம் ஓவன் சூடு எத்தனை டிகிரி என்று ஒரு கட்டம். நம்ம இட்லிக்கு ஓவன் எதற்கு சாமி? மாவு எத்தனை மணி நேரம் புளிக்க வேண்டும் என்று எழுத அதில் ஓர் அங்குலம் இடம் கிடையாது. இதை அச்செடுத்து லேமினேட் வேறு செய்து மாட்டுகிறார்கள்!

அட்டையை நாமேதான் வடிவமைக்க வேண்டும் என்பது என் கட்சி. அழகுக்காக இல்லை, கணக்குக்காக.

முதல் கணக்கு, அளவு. "ஒரு கப்" என்றால் எந்தக் கப்? அமெரிக்கக் குறிப்புகளில் சுமார் 240 மில்லி. ரைஸ் குக்கரோடு வருவது 180. பாட்டியின் ஆழாக்கு சுமார் 168. அரிசியை ஒன்றிலும் தண்ணீரை இன்னொன்றிலும் அளந்தால் சாதம் கஞ்சியாகாமல் என்ன செய்யும்? ஆகவே அட்டையின் தலையிலேயே "1 கப் = இத்தனை மில்லி" என்று ஒரு வரி கட்டாயம்.

இரண்டாவது, பின்பக்கம். எங்கள் பி.காம். பாடத்தில் ஸ்டாண்டர்ட் காஸ்டிங் உண்டு. எவ்வளவு ஆக வேண்டும் என்று முதலில் எழுது, எவ்வளவு ஆனது என்று பிறகு எழுது, வித்தியாசத்துக்குக் காரணம் தேடு. அவ்வளவுதான். தேதி, என்ன மாற்றினோம், எப்படி வந்தது என்று மூன்று பத்தி போடுங்கள். சித்திரையில் பொங்கி வழியும் மாவு மார்கழியில் ஏன் அசையவில்லை என்று ஒரே வருடத்தில் புரிந்துவிடும். செலவு? ஒரு ஏ4 தாளை நாலாக வெட்டினால் 10.5 × 14.8 செ.மீ.யில் 4 அட்டை!

"அதெல்லாம் சரி, அம்மா கைப்பக்குவம் அட்டையில் வருமா?" என்று கேட்பீர்கள். வரும் ஐயா. "ஒரு கம்பிப் பதம்", "எண்ணெய் பிரியும் வரை" என்றெல்லாம் பக்குவத்துக்குப் பெயர் வைத்ததே நம்மவர்கள்தானே? மீனாட்சி அம்மாள் 1951-லேயே "சமைத்துப் பார்" என்று புத்தகம் போட்டுவிட்டார். எழுத முடியாது என்பதெல்லாம் சாக்கு.

யாருடைய சாக்கு என்று பாருங்கள். கைப்பக்குவம், கைப்பக்குவம் என்று புகழ்ந்தே அம்மாக்களை அடுப்படியில் நிறுத்தி வைத்திருக்கிறோம். ஒரே ஓர் ஆளின் தலைக்குள் மட்டும் இருக்கும் கணக்கை எந்த ஆடிட்டராவது ஒப்புக்கொள்வாரா? அந்த ஆளுக்குக் காய்ச்சல் வந்தால் வீடே பார்சலுக்கு அலைகிறது. அவர் காலத்துக்குப் பிறகு அந்தக் குழம்பே கிடையாது. எழுதி வைத்துவிட்டால் "எனக்குத் தெரியாதே" என்று அப்பாவும் தப்பிக்க முடியாது, அண்ணனும் தப்பிக்க முடியாது. அதனால்தான் யாரும் எழுதச் சொல்வதில்லை.

எழுதுங்கள். ஃபிரிட்ஜ் கதவில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டுங்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை சாம்பார் அப்பா வைக்கட்டும். உப்பு கூடினால் என்ன, எழுதிக்கொள்ளப் பின்பக்கம் இருக்கிறதே!