இரட்டை ஸ்ட்ரோலர்: வாழப்பாடி ரோட்டுல ஓடுமா?

புதன்கிழமை தடுப்பூசி நாள். இடுப்பில் ஒன்பது மாதக் குழந்தை. சேலையைப் பிடித்தபடி இரண்டரை வயது மூத்தது. தோளில் பால் பாட்டில், டயப்பர், தடுப்பூசி அட்டை எல்லாம் திணித்த பை. வாழப்பாடி பஸ் ஸ்டாண்டில் இறங்கி இப்படி நடந்து போகும் அம்மாவைப் பார்ப்பது புதிய விஷயம் இல்லை. பாதி வழியில் மூத்தது "அம்மா, தூக்கு" என்று நின்றுவிட்டால் அவ்ளோதான்.

அன்று ராத்திரியே பெங்களூருவிலோ சென்னையிலோ வேலை பார்க்கும் அப்பா போனைத் திறந்து தேட ஆரம்பிப்பார்: இரட்டை ஸ்ட்ரோலர். இரண்டு குழந்தைகளையும் உட்கார வைத்து ஒரே ஆள் தள்ளிக்கொண்டு போகலாம். படத்தில் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. அந்தப் படம் எடுத்த தரை எப்படி இருக்கிறது என்று ஒருமுறை உற்றுப் பாருங்கள். வழவழப்பான பூங்காப் பாதை. வண்டியின் விலையைவிட முக்கியமான தகவல் அதுதான்.

இரண்டு வகை, இரண்டு தலைவலி

இரட்டை ஸ்ட்ரோலரில் முக்கியமாக இரண்டு வகை. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சீட் இருப்பது ஒன்று. பைக்கில் உட்காருவது போல முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்பது இன்னொன்று.

பக்கவாட்டு வண்டியின் அகலம் பொதுவாக 70 முதல் 80 செ.மீ. வாசல் நிலை மூன்றடி என்று கொத்தனார் சொல்லியிருப்பார். ஆனால் சட்டத்தின் கனமும் கதவின் கனமும் போக உள்ளே கிடைக்கும் இடைவெளி அதைவிடக் குறைவு. ரூம் கதவு இன்னும் சின்னது. டேப் வைத்து அளக்காமல் ஆர்டர் போட்டவர்களின் வண்டிதான் திண்ணையில் துணி காயப்போடும் ஸ்டாண்டாக நிற்கிறது.

முன்பின் வண்டி வாசலில் நுழைந்துவிடும். பிரச்சினை அதன் நீளம். திருப்ப வேண்டும் என்றால் கைப்பிடியை அழுத்தி முன்சக்கரத்தைத் தூக்க வேண்டும். முன் சீட்டுக் குழந்தையின் எடை முழுக்க அந்த முனையில் இருக்கிறது. ஸ்பீடு பிரேக்கர், வாசல்படி, சாக்கடை ஸ்லாப் என ஒவ்வொன்றிலும் இதே குஸ்தி. முன்னால் இருந்த குழந்தை இறங்கி ஓடிவிட்டால் தலைகீழ் ஆபத்து: கைப்பிடியில் காய்கறிப் பையை மாட்டியிருந்தால் வண்டி பின்பக்கமாகச் சாயும், பின் சீட்டில் குழந்தையோடு. ஆக, பை எப்போதும் சீட்டுக்குக் கீழே இருக்கும் கூடையில்தான். கைப்பிடியில் மாட்டவே கூடாது.

எடைக் கணக்கையும் போட்டுவிடலாம். பல இரட்டை வண்டிகள் 10 கிலோவுக்கு மேல். 13 கிலோ வண்டி, 8 கிலோ சின்னது, 12 கிலோ பெரியது என்று வைத்தால் 33 கிலோ. 25 கிலோ அரிசி மூட்டையைவிட அதிகம். தட்டையான தரையில் தள்ளும்போது இது தெரியாது. ஒரு படி ஏற்றும்போது தெரியும்.

மடக்கறது யாரு?

எல்லோரும் மறக்கிற கேள்வி இது. தமிழ்நாட்டில் 2021 முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் அரசு பஸ்ஸில் டிக்கெட் இல்லை. அப்படியானால் சுற்றுவட்டார ஊர்களில் இருந்து வாழப்பாடிக்கு வரும் அம்மாவுக்கு டவுன் பஸ்தான் இயல்பான வண்டி. ஆனால் பஸ்ஸின் படியோ உயரம், கதவோ குறுகல். ஸ்ட்ரோலரை மடக்கினால்தான் ஏற்ற முடியும். மடக்க வேண்டுமானால் முதலில் இரண்டு குழந்தைகளையும் இறக்கிக் கீழே விட வேண்டும். நடக்கத் தெரியாத ஒன்றையும், ஓட மட்டுமே தெரிந்த ஒன்றையும் பஸ் ஸ்டாண்டில் கீழே விட்டுவிட்டு இரண்டு கையாலும் வண்டியை மடக்குவது எப்படி? கூட ஒரு ஆள் வேண்டும். கூட ஒரு ஆள் இருந்தால் ஆளுக்கு ஒரு குழந்தையாகத் தூக்கிக்கொள்ளலாமே, இந்த வண்டி எதற்கு?

பைக் கதையும் இதுதான். நான்கு வயதுக்குட்பட்ட குழந்தை டூவீலரில் போனால் பெல்ட்டும் ஹெல்மெட்டும் கட்டாயம், வேகம் 40 கி.மீ.க்குள் என்று 2023 பிப்ரவரியில் இருந்து மத்திய மோட்டார் வாகன விதி சொல்கிறது. எத்தனை பேர் கடைப்பிடிக்கிறார்கள் என்பது வேறு விஷயம். அந்த பைக்கில் ஸ்ட்ரோலரை எங்கே வைப்பது?

மடக்கும் வண்டி பிறந்ததே இந்தச் சிக்கலில்தான். 1960-களில் ஓவன் மெக்லாரன் என்ற பிரிட்டிஷ் விமான இன்ஜினியர், குடை போல மடங்கும் அலுமினிய வண்டியை வடிவமைத்தார். இரண்டாம் உலகப் போரில் பறந்த ஸ்பிட்ஃபயர் விமானத்தின் இறங்கு சக்கர வேலையில் இருந்தவர் அவர். முதல் வண்டியின் எடை மூன்று கிலோவுக்கும் குறைவு. ஒரு கையில் குழந்தை, மறு கையில் வண்டி. அவ்வளவுதான் அந்த ஐடியா. இரட்டை ஸ்ட்ரோலரில் காணாமல் போவது சரியாக அதுதான்.

மடக்கும் மூட்டிலும் ஒரு கவனம் வேண்டும். 2009-ல் அதே மெக்லாரன் நிறுவனம் அமெரிக்காவில் சுமார் 10 லட்சம் வண்டிகளுக்குத் திரும்ப அழைப்பு அறிவித்து, மூட்டுகளுக்கு மூடி கொடுத்தது. விரித்து மடக்கும்போது குழந்தைகளின் விரல் நுனி சிக்கித் துண்டான புகார்கள்தான் காரணம். எந்த பிராண்டாக இருந்தாலும் குழந்தையைத் தள்ளி நிறுத்திவிட்டு மடக்குங்கள்.

அப்போ யாருக்குத்தான் இது?

இரட்டைக் குழந்தைகளுக்கு. இரண்டும் நடக்காது, இரண்டும் ஒரே எடை, இரண்டையும் ஒரே நேரத்தில் தூக்கவும் முடியாது. அந்த வீட்டில் இரட்டை ஸ்ட்ரோலரை ஆடம்பரம் என்று சொல்பவர்கள் ஒரு மத்தியானம் அந்த இரண்டையும் பார்த்துக்கொள்ளட்டும். நிலை அகலம் இடம் கொடுத்தால் பக்கவாட்டு வகையே மேல். படி ஏற்ற லேசு, இரண்டு பேருக்கும் வேடிக்கை தெரியும். ஆறு மாதம் வரை சீட் முழுசாகச் சாய்ந்து படுக்கையாக வேண்டும். இரண்டு சீட்டும் அப்படிச் சாய்கிறதா, ஒன்றுதானா என்று பாருங்கள். சில வண்டிகளில் ஒன்று மட்டும்தான் சாயும். ஐந்து முனை பெல்ட், பெரிய சக்கரம், காலால் போடும் பிரேக் ஆகியவற்றில் சமரசம் வேண்டாம். சின்ன பிளாஸ்டிக் சக்கரம் சாக்கடை ஸ்லாப் இடுக்கில் மாட்டினால் வண்டி அங்கேயே நின்றுவிடும்.

அண்ணன் தங்கை, அக்கா தம்பி என்று ஒன்றரை, இரண்டு வயது வித்தியாசம் என்றால் வாழப்பாடியில் இரட்டை வண்டி தேவையில்லை. மூத்தது மூன்று வயதைத் தொட்டதும் வண்டியில் உட்காரவே மறுக்கும். பத்தாயிரத்துக்கு மேல் செலவழித்த வண்டிக்கு ஒரு வருஷம்தான் ஆயுள். லேசான ஒற்றை வண்டி ஒன்று, சின்னதை நெஞ்சோடு கட்டிக்கொள்ள ஒரு பை. மூத்தது களைத்தால் வண்டியில், இல்லையென்றால் நடை. "இடுப்பு எதுக்குக் கண்ணு இருக்குது?" என்று கேட்கும் அம்மாயிகள் பாதி சரி. மீதிப் பாதி, அந்த இடுப்புக்கும் வயசாகிறது என்பது.

வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை. கண்ணு கூசுதே என்று காய்ந்த துணியால் வண்டியை மூடுவது சேலம் வெயிலில் மோசமான யோசனை. உள்ளே வெப்பம் ஏறும். சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-ல் அளந்து பார்த்ததும் இதைத்தான் காட்டியது. மெல்லிய துணியை ஈரமாக்கிப் போட்டு, சின்ன ஃபேனும் வைத்தால் வெப்பம் குறைந்தது. அதைவிட எளிது, பதினோரு மணிக்கு மேல் கிளம்பாமல் இருப்பது.

ரோடு யாருடையது?

ஆனால் வண்டியை மட்டும் குறை சொல்லி முடிப்பது நியாயம் இல்லை. இந்தியச் சாலைகள் காங்கிரஸின் 2012 வழிகாட்டி, குடியிருப்புப் பகுதியில் நடைபாதை தடையில்லாமல் 1.8 மீட்டர் அகலம் இருக்க வேண்டும் என்கிறது. 80 செ.மீ. இரட்டை வண்டி இரண்டு எதிரெதிரே தாராளமாகப் போகலாம். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், தடையற்ற நடைபாதை அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று சொல்லிவிட்டது. பேரூராட்சிகளில் நடைமுறை என்ன? சாக்கடை மேல் போட்ட ஸ்லாப்தான் நடைபாதை. அதன் மேல் ஒரு பைக், ஒரு கடைப் பலகை, ஒரு டிரான்ஸ்பார்மர். சக்கர நாற்காலியில் வருபவருக்கும் இதே கதிதான். அவர்கள் பல வருஷமாகக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

அதனால் ஆர்டர் பட்டனை அழுத்தும் முன் ஒரு வேலை செய்யலாம். ஊருக்கு வரும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அப்பாவே இரண்டு குழந்தைகளையும் தூக்கிக்கொண்டு வீட்டு வாசலில் இருந்து ஆஸ்பத்திரி வரை ஒருமுறை தனியாக நடக்கட்டும். எத்தனை இடத்தில் ரோட்டில் இறங்க வேண்டி வந்தது என்று எண்ணி, இரண்டு மூன்று இடத்தை போட்டோ எடுத்துக்கொள்ளட்டும். வண்டி வாங்குவதா வேண்டாமா என்று அந்த எண்ணிக்கை சொல்லிவிடும். போட்டோக்கள் பேரூராட்சி அலுவலகத்துக்கு.