எப்படித் தெரியும் என்பதையும் எழுதுங்கள்

தாம்பரம் மாநகராட்சியின் வணக்கத்திற்குரிய மேயர் அவர்களுக்கு,

நான் பல்லாவரத்தில் குடியிருப்பவன். பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன். குடிநீர், மழைநீர் வடிகால், தெருவிளக்கு என்று தங்கள் மேசையில் குவியும் மனுக்களுக்கு நடுவே இது சற்று வேறு மாதிரியான மனு. நம் மாநகராட்சி எல்லைக்குள் இருக்கும் பழமையான இடங்களில் வரலாற்றுப் பலகைகள் வையுங்கள் என்று கேட்கிறேன். அந்தப் பலகைகளில் என்ன நடந்தது என்று மட்டும் எழுதாமல், அது நமக்கு எப்படித் தெரியும், எவ்வளவு உறுதியாகத் தெரியும் என்பதையும் எழுதுங்கள் என்று சேர்த்துக் கேட்கிறேன். முதல் பாதியை எந்த ஊராட்சியும் செய்துவிடும். நான் இந்த மடலை எழுதுவது இரண்டாம் பாதிக்காக.

2021-இல் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்து உருவான மாநகராட்சி இது. தன் வயது குறைவு என்பதாலோ என்னவோ, தன் மண்ணின் வயதைப் பற்றி இங்கே பெருமிதம் அதிகம். மேடைகளிலும் வாட்ஸ்அப்பிலும் கேட்கிறோம்: பல்லாவரத்துக் கல்லுக்குப் பதினைந்து லட்சம் வயது, இந்தக் கோயிலுக்கு இரண்டாயிரம் வயது. கேட்பவர் கைதட்டுகிறார். எப்படி என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் ஊர்ப்பற்று இல்லாதவன் என்று பெயர் வந்துவிடும்.

முதலில் அந்தக் கல்லையே எடுத்துக்கொள்வோம். 1863 மே 30. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் வேலை பார்த்த இராபர்ட் புரூஸ் ஃபுட், பல்லாவரம் கன்டோன்மென்ட் அருகே சரளை வெட்டிய குழியில், மனிதக் கை செதுக்கிய கல் ஒன்றைக் கண்டெடுத்தார். இந்தியாவின் பழைய கற்காலத்தைப் பற்றிய ஆய்வு அங்கிருந்துதான் தொடங்குகிறது. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்புதான் ஐரோப்பாவில் இதே விஷயம் பெரும் சண்டையாகி ஓய்ந்திருந்தது. பிரான்சின் அபெவில் ஊரைச் சேர்ந்த பூஷே தெ பெர்த், அழிந்துபோன விலங்குகளின் எலும்புகளோடு மனிதர் செய்த கற்கருவிகளும் கிடைக்கின்றன என்று ஆண்டுக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார். அறிஞர் அவை காது கொடுக்கவில்லை. 1859-இல் பிரெஸ்ட்விச், ஜான் எவன்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் இங்கிலாந்திலிருந்து நேரே குழிக்குப் போய், கல் மண்ணடுக்கில் பதிந்திருந்த நிலையிலேயே பார்த்து, அதைப் படமும் எடுத்தார்கள். எந்த அடுக்கில் கிடந்தது என்று காட்ட முடிந்ததால்தான் கற்றறிந்தோர் ஒப்புக்கொண்டார்கள்.

அந்தக் கண்ணோடு பல்லாவரத்துக்குத் திரும்பி வாருங்கள். பதினைந்து லட்சம் என்ற எண் எங்கிருந்து வந்தது? அத்திரம்பாக்கத்திலிருந்து. கொசஸ்தலையாற்றுப் பக்கம் இருக்கும் அந்த ஊரையும் ஃபுட், கிங் என்ற தோழரோடு அதே 1863 செப்டம்பரில் கண்டறிந்தார். பின்னாளில் சாந்தி பப்பு தலைமையிலான குழு அங்கே அடுக்கடுக்காகத் தோண்டியது. கருவிகளில் தங்கியிருந்த அலுமினியம்-26, பெரிலியம்-10 ஆகியவற்றை அளந்து, ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டு, முன்பின் 70 ஆயிரம் ஆண்டு என்று 2011-இல் வெளியிட்டது. 2018-இல் அதே இடத்தின் மேலடுக்குகளில், அடுத்த கட்டத் தொழில்நுட்பம் ஏறத்தாழ 3 லட்சத்து 85 ஆயிரம் ஆண்டுக்கு முன்பே தொடங்கிவிட்டது என்று காட்டியது. அந்த எண்கள் அத்திரம்பாக்கத்து அடுக்குகளுக்கு உரியவை. சரளைக் குழியிலிருந்து வந்த நம் பல்லாவரத்துக் கல்லுக்கு அப்படி ஒரு அளவீடு கிடையாது. வடிவத்தை வைத்து ‘இந்த வகை’ என்று சொல்லலாம், ‘இத்தனை வயது’ என்று சொல்ல முடியாது. ஓர் ஊர்க் கல்லின் வயதை இன்னோர் ஊர்க் கல்லுக்கு ஏற்றிச் சொல்வதற்கு ஊர்ப்பற்று காரணமாக இருக்கலாம், சான்று ஆகாது.

அடுத்து, பல்லாவரம் மலைச்சரிவில் இருக்கும் குடைவரை. மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்தது. இன்று அது தர்காவாக வழிபாட்டில் இருக்கிறது. அங்கே வெட்டப்பட்டிருப்பவை அவனுடைய விருதுப் பெயர்கள், ஆண்டு கிடையாது. அப்படியானால் ஏழாம் நூற்றாண்டின் தொடக்கம் என்று எப்படிச் சொல்கிறோம்? திருச்சி, மண்டகப்பட்டு, மாமண்டூர் போன்ற இடங்களின் குடைவரைகளையும் அவற்றின் எழுத்தமைதியையும் பட்டப்பெயர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, இவை ஓர் அரசனுடையவை என்று முதலில் முடிவு செய்தார்கள். அந்த அரசனின் காலத்தைக் கணிக்க அறிஞர்களுக்குக் கைகொடுத்தது எதிரியின் கல்வெட்டு! கர்நாடகத்து ஐஹொளேயில், சாளுக்கியன் இரண்டாம் புலிகேசியைப் புகழ்ந்து இரவிகீர்த்தி இயற்றிய கல்வெட்டு கி.பி. 634-ஐ ஒட்டியது. பல்லவர் தலைவனைக் காஞ்சி மதிலுக்குள் ஒளியச் செய்ததாகப் புலிகேசியை அது போற்றுகிறது. அந்தத் தலைவன் பெயரை அது சொல்லவில்லை. மகேந்திரன்தான் என்பது அறிஞர்களின் ஊகம்.

இதே பகையைப் பற்றிப் பல்லவர் தரப்பு என்ன சொல்கிறது? எட்டாம் நூற்றாண்டில் இரண்டாம் நந்திவர்மன் வெளியிட்ட காசாக்குடிச் செப்பேடு, மகேந்திரன் புள்ளலூரில் முதன்மையான பகைவர்களை அழித்தான் என்கிறது. பகைவர் யார் என்று பெயர் சொல்லவில்லை; சாளுக்கியர் என்பதும் ஊகமே. புள்ளலூர் காஞ்சிக்குப் பக்கம். அந்த ஊகம் சரியென்றால், அவர்கள் அரசுக் கணக்கில் அவர்களுக்கு வெற்றி, இவர்கள் அரசுக் கணக்கில் இவர்களுக்கு வெற்றி. இரண்டும் கல்லிலும் செம்பிலும் பொறித்த அதிகாரபூர்வ வரலாறு. என்ன செய்வது? யார் சொன்னது, சம்பவத்துக்கு எத்தனை ஆண்டு கழித்துச் சொன்னது, சொன்னவருக்கு அதில் என்ன லாபம் என்று பார்க்க வேண்டும். ஐஹொளே சமகாலத்தது; காசாக்குடி நூறாண்டுக்கும் மேல் பிந்தியது. ஆனால் சமகாலம் என்பதற்காகப் புகழ்பாடுபவர் பொய் சொல்லமாட்டார் என்று ஆகிவிடாது. மிஞ்சுவது ஒன்று: சண்டை காஞ்சியின் வாசல்வரை வந்தது. அதைப் பல்லவர் செப்பேடும் தன்னை அறியாமல் ஒப்புக்கொள்கிறது. வென்றவன் என்று சொல்லிக்கொள்பவனும் தன் தலைநகருக்கு அருகில்தான் வென்றான். தன் தரப்புக்கு உதவாத செய்தியை ஒருவர் சொன்னால் அதற்கு எடை அதிகம். சோழர் மெய்க்கீர்த்தியைப் படிக்கும்போதும் இதே விதிதான். வென்ற நாடுகளின் பட்டியலைப் பாதிதான் நம்பலாம். அதே கல்வெட்டின் கீழ்ப்பகுதியில், கோயில் விளக்குக்கு ஆடு கொடுத்தவர், நிலத்தின் நான்கெல்லை என்று வருபவற்றைக் கூடுதலாக நம்பலாம். நான்கெல்லையைப் பொய்யாக எழுதினால் பக்கத்து நிலத்துக்காரன் விட்டிருக்கமாட்டான்.

பரங்கிமலை தங்கள் எல்லைக்குச் சற்று வெளியே. எனினும் விட மனமில்லை. இயேசுவின் சீடர் தோமா கி.பி. 72-இல் அங்கே கொல்லப்பட்டார் என்பது மரபு. 1547-இல் போர்ச்சுகீசியர் தேவாலயத்துக்கு அடித்தளம் தோண்டியபோது கிடைத்த கற்சிலுவை இன்றும் பலிபீடத்தின் மேல் இருக்கிறது. அதைச் சுற்றி பாரசீகத்துப் பகலவி எழுத்தில் ஒரு வரி. பர்னெல் என்ற அறிஞர் தொடங்கிப் பலர் அதைப் படித்தார்கள். ஒருவர் வாசிப்பு மற்றவரோடு ஒத்துப்போகவில்லை. ஆனால் எழுத்தின் வடிவம் முதல் நூற்றாண்டுக்குரியது அன்று, அதற்குப் பல நூற்றாண்டு பிந்தியது என்பதில் அறிஞர்களிடையே உடன்பாடு உண்டு. அப்படியென்றால் அந்தக் கல் சொல்வது: பாரசீகத் தொடர்புள்ள கிறித்தவர்கள், போர்ச்சுகீசியர் கப்பல் வருவதற்குப் பல நூறு ஆண்டு முன்பே இந்தக் கரையில் இருந்தார்கள். இது சிறிய செய்தி அன்று. தோமா வந்தாரா என்ற கேள்விக்கு அது ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அவர் இந்தியாவில் இறந்ததாகச் சொல்லும் பழைய நூல் மூன்றாம் நூற்றாண்டுச் சிரியாக் மொழி நூல். நம்பிக்கையாளர் தாராளமாக நம்பட்டும். சிலுவையைச் சாட்சிக்கு அழைப்பவர், சாட்சி சொன்னதை மட்டும் எழுதினால் போதும்.

திருநீர்மலையிலும் அப்படித்தான். திருமங்கையாழ்வார் பாடிய தலம். அதனால் அவர் காலத்திலேயே அங்கே பெருமாள் வழிபாடு இருந்தது என்பது நிச்சயம். இன்று நாம் பார்க்கும் கோபுரமும் மண்டபமும் அதே வயதா என்பது வேறு கேள்வி. தலத்தின் வயதும் கட்டடத்தின் வயதும் ஒன்றாகிவிடுவதில்லை.

மேயர் அவர்களே, இதையெல்லாம் படிக்கும் சிலர், தமிழன் பழமையைக் குறைக்க வந்தவன் இவன் என்று முகம் சுளிக்கலாம். கீழடியைப் பார்க்கட்டும். 2014 முதல் மத்தியத் தொல்லியல் துறை அங்கே தோண்டியது. முதல் இரு பருவங்களை நடத்திய அமர்நாத் இராமகிருஷ்ணன் 2017-இல் அசாமுக்கு மாற்றப்பட்டார். 982 பக்க அறிக்கையை அவர் 2023 ஜனவரியில் கொடுத்தார். திருத்தித் தரும்படி 2025 மே மாதத்தில் அத்துறையிலிருந்து கடிதம் வந்தது. தொடக்கக் கட்டத்துக்கு அவர் தந்த கி.மு. எட்டாம் நூற்றாண்டு என்ற காலத்துக்கு ஆதாரம் போதாது என்றார்கள். போதும் என்று அவர் மறுத்தார். கேள்வி கேட்டது தவறில்லை. எந்த ஆய்வும் கேள்விக்கு அப்பாற்பட்டது அன்று. ஆனால் அறிக்கையை இரண்டாண்டுக்கும் மேல் பூட்டி வைத்துக்கொண்டு கேட்பது என்ன முறை? கேட்பவரின் வாதமும் சொன்னவரின் மறுமொழியும் அச்சில் பக்கத்தில் பக்கத்தில் வந்திருந்தால், நாமே படித்து எடை போட்டிருப்போம்.

அதே அளவுகோலைச் சென்னைக்கும் வைக்க வேண்டும். 2025 ஜனவரியில் முதலமைச்சர் வெளியிட்ட தமிழக அரசின் நூல், சிவகளையில் இரும்பின் காலத்தைக் கி.மு. 3345 வரை கொண்டுபோனது. மாதிரிகள் வெவ்வேறு ஆய்வகங்களுக்கு அனுப்பப்பட்டன. முடிவுகள் நூலில் அச்சாகியிருக்கின்றன. இது நல்ல முறை. அச்சானதால்தான் அடுத்த கேள்வியைக் கேட்க முடிகிறது: தேதி கிடைத்தது கரிக்கும் பானை ஓட்டுக்கும், அவையும் இரும்பும் ஒரே நேரத்தில் அந்தக் குழிக்குள் போனவைதாமா? மற்ற இடங்களிலும் இதே காலம் கிடைத்தால் விடை வலுப்பெறும். இந்தக் கேள்வியைக் கேட்பவன் துரோகி என்றால், டெல்லிக்காரரும் கீழடிக்கு அதைத்தான் சொல்வார். டெல்லிக்கு ஒரு தராசு, நமக்கு ஒரு தராசு என்று வைத்துக்கொண்டால் இரண்டிலும் நிறுக்க முடியாது.

‘எல்லாவற்றிலும் சந்தேகம் என்று பலகையில் எழுதினால் மக்கள் குழம்பிப்போவார்கள்’ என்று தங்கள் அலுவலர்கள் சொல்லக்கூடும். முப்பது ஆண்டுக்கு மேல் வகுப்பில் நின்றவன் சொல்கிறேன்: பிள்ளைகள் குழம்பமாட்டார்கள். ‘இது உறுதி, இது ஊகம், இது மரபு’ என்று பிரித்துச் சொன்னால் நிமிர்ந்து உட்காருவார்கள். எல்லாவற்றையும் ஒரே குரலில் சொல்லும்போதுதான் தூங்குகிறார்கள். வளர்ந்த பிறகு, ஒன்று பொய் என்று தெரிந்ததும் எல்லாமே பொய் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். சந்தேகப்படுவதற்கும் எதையும் நம்பமாட்டேன் என்பதற்கும் வித்தியாசம் உண்டு. முன்னது ஆதாரம் கிடைத்தால் அடங்கும்.

எனவே என் விண்ணப்பம் இவ்வளவே:

ஒன்று: ஒவ்வொரு பலகையிலும் மூன்று பகுதி இருக்கட்டும். என்ன சொல்கிறோம், எப்படித் தெரியும், எவ்வளவு உறுதி.

இரண்டு: எழுதியவர் பெயரும் ஆண்டும் அடியில் இருக்கட்டும். தவறு கண்டவர் எழுதி அனுப்ப முகவரியும், பதில் தர ஒரு கால வரம்பும் வேண்டும்.

மூன்று: மாநகராட்சிப் பள்ளி மாணவர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை, தொல்லியல் துறையினரைக் கொண்டு கல்வெட்டில் மைப்படி எடுக்கக் கற்றுக்கொடுங்கள். ஒரு வரியைத் தானே படித்த பிள்ளை, பிறகு யார் சொன்னாலும் ‘கல்லைக் காட்டு’ என்று கேட்கும்.

நான்கு: மலையடிவாரங்களில் வடிகாலுக்கோ சாலைக்கோ பள்ளம் தோண்டும்போது பானை ஓடோ ஈமப்பேழைத் துண்டோ தென்பட்டால் வேலையை நிறுத்தித் தொல்லியல் துறைக்குச் சொல்லும்படி ஒப்பந்தத்திலேயே ஒரு விதி சேருங்கள். பல்லாவரத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரியா சுடுமண் ஈமப்பேழை கண்டெடுத்தார். அள்ளிக் கொட்டிய மண்ணிலிருந்து பேழை கிடைக்கலாம். அது எந்த அடுக்கில் இருந்தது என்ற செய்தி கிடைக்காது.

முதல் பலகைக்கு ஒரு வரைவும் இணைத்திருக்கிறேன்:

“பல்லாவரம், 1863 மே 30. நிலவியலாளர் இராபர்ட் புரூஸ் ஃபுட் இப்பகுதிச் சரளைக் குழியில் பழைய கற்காலக் கருவி ஒன்றைக் கண்டெடுத்தார். எப்படித் தெரியும்: கண்டெடுத்ததைப் பற்றி அவரே எழுதி வெளியிட்டார்; அவருடைய சேகரிப்பை 1904-இல் சென்னை அருங்காட்சியகம் வாங்கியது. எவ்வளவு உறுதி: நாளும் ஆளும் உறுதி. கல்லின் வயது அளக்கப்படவில்லை. அத்திரம்பாக்கத்தில் கிடைத்த 15 லட்சம் ஆண்டு என்ற கணக்கு அந்த ஊருக்குரியது.”

இந்த வரைவிலும் பிழை காண்பவர் இருக்கலாம். அவர் சொல்வதையும் ஆதாரம் கேட்டுவிட்டே ஏற்றுக்கொள்ளுங்கள். தங்கள் மன்றத்தின் அடுத்த கூட்டத்தில் இது பொருளாக வைக்கப்பட்டால், பேச அழைத்தால் வருவேன். அழைக்காவிட்டாலும், பார்வையாளர் வரிசையில் இருப்பேன்.

இப்படிக்கு,
பல்லாவரத்துக் குடிமகன் ஒருவன்