பறைகளைத் திருப்பித் தருவதே பிராயச்சித்தம்

1691-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், நார்வே நாட்டின் வடகோடியில், ஆண்டர்ஸ் பௌல்சன் என்னும் ஸாமி இன முதியவரிடமிருந்து அதிகாரிகள் ஒரு பறையைப் பறித்துக்கொண்டார்கள். அடுத்த பிப்ரவரியில் வாட்சோ நகரத்து நீதிஸ்தலத்தில், தமக்கு விரோதமான சாட்சியமாக வைக்கப்பட்ட அந்தப் பறையின் உருவங்களுடைய தாத்பரியத்தை அவரே விளக்கிச் சொன்னார். தீர்ப்பு வெளிவருமுன் சித்தப்பிரமை பிடித்த ஒருவன் காவலில் இருந்த அவரைக் கொன்றுவிட்டான். டென்மார்க் அரசரின் சேகரத்தை அடைந்த பறை, 1979-இல் ஸாமி மக்களின் காராஷோக் அருங்காட்சியகத்துக்கு இரவலாகவே வந்து, 2022-இல்தான் அவர்களுக்கு உரிமைப் பொருளாயிற்று. 330 ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு பறைக்குக் கிடைத்த இந்த நியாயம், எஞ்சிய பறைகள் அனைத்துக்கும் கிடைக்க வேண்டும்.

நார்வே, ஸ்வீடன், பின்லாந்து, ருஷ்யாவின் கோலா தீபகற்பம் ஆகியவற்றில் பரவி வாழும் அம்மக்களுக்குப் பறை வெறும் வாத்தியமன்று. மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய கலைமான் தோலின்மேல், ஆல்டர் மரப்பட்டையின் செஞ்சாற்றால் சூரியனையும் தெய்வங்களையும் மான்களையும் மனிதரையும் தீட்டி, அதன்மீது பித்தளை வளையமொன்றை வைத்து, மான்கொம்புச் சுத்தியால் அவர்கள் தட்டுவார்கள். அதிர்ச்சியில் வளையம் நகர்ந்து எந்த உருவத்தில் தங்குகிறதோ அதைக் கொண்டு, வேட்டைக்குச் செல்லும் திசையையும் நோயின் காரணத்தையும் அறிவார்கள். நோவாய்தி என்னும் குரு, யோய்க் என்ற பாட்டும் பறையொலியும் துணைநிற்கச் சமாதி நிலையை எய்தி, நோயாளியை விட்டு நீங்கிய ஆன்மாவை மீட்க மரித்தோர் உலகம்வரை செல்வார் என்பது அவர்கள் நம்பிக்கை. பிரசவிக்கும் பெண்ணைக் காக்கும் ஸாராக்கா என்ற தேவி அவர்களுடைய அடுப்பங்கரையிலேயே வாசம் செய்கிறாள். மலைப்பாறைகளும் ஏரிக்கரைக் கற்களும் அவர்களுக்கு ஆராதனைக்குரியவை. தெய்வம், நிலம், பிழைப்பு ஆகிய மூன்றையும் பிரிக்க அறியாத இந்தத் தரிசனத்தை மூடநம்பிக்கை என்று தள்ளுவது அறியாமையே ஆகும்.

ஆனால் ராஜாங்கமும் திருச்சபையும் அப்படித்தான் தள்ளின. ஸ்வீடனின் ஆர்யெப்ளோக்கில், மரித்த பேரனை உயிர்ப்பிக்கப் பறையடித்துத் தெய்வங்களை வேண்டிய லார்ஸ் நில்சன், 1693-இல் தம் பறையோடும் மரவிக்கிரகங்களோடும் எரிக்கப்பட்டார். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தாமஸ் ஃபான் வெஸ்டன் என்ற பாதிரியார் திரட்டிக் கோபன்ஹேகனுக்கு அனுப்பிய பறைகளில் பெரும்பாலானவை 1728-ஆம் ஆண்டுத் தீவிபத்தில் அழிந்தன. இருபதாம் நூற்றாண்டில் ஆராய்ச்சியாளர் எர்ன்ஸ்ட் மான்கரின் கணக்கில் வந்தவை 71 பறைகளே.

அருங்காட்சியகங்கள் வைத்திராவிட்டால் இவையும் அழிந்திருக்குமே என்று சிலர் சொல்வார்கள். ஒரு புறம் பறையை எரித்து, மறுபுறம் அதைச் சேகரித்த அதிகாரம் ஒன்றே என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள்; அழிவுக்குக் காரணமானவர், எஞ்சியதைக் காத்ததற்காக உரிமை கோருவது தர்மமாகாது. இன்றைய ஸாமி மக்களில் மிகப் பலர் கிறிஸ்தவர்களாயிற்றே என்பதும் விடையாகாது. முன்னோரின் ஞானத்துக்கு வாரிசாவதற்கு அவர்களுடைய வழிபாட்டைத் தொடரவேண்டும் என்ற நியதி எங்கும் இல்லை. பாவமென்று ஒடுக்கப்பட்ட யோய்க்கை, 1994-இல் லில்லஹாமர் ஒலிம்பிக் தொடக்கவிழாவில் ஸாமி இனக் கலைஞர் நில்ஸ்-அஸ்லாக் வால்கியாபா உலகறியப் பாடியதே அந்த வாரிசுரிமைக்குப் பிரத்தியட்ச சாட்சி.

நார்வே மன்னர் ஐந்தாம் ஹரால்டு 1997-இல் ஸாமி நாடாளுமன்றத்திலும், ஸ்வீடன் திருச்சபை 2021-இல் உப்சாலாவிலும் மன்னிப்புக் கேட்டது மெச்சத்தக்கதே. ஆயினும் பொருளை வைத்துக்கொண்டு வருத்தம் மட்டும் தெரிவிப்பது முழுமையான பிராயச்சித்தமாகாது. ஸ்டாக்ஹோம், பெர்லின், லண்டன் ஆகிய நகரங்களின் அருங்காட்சியகங்கள் தங்கள் வசமுள்ள பறைகளின் உரிமையை, இரவல் என்ற போர்வையின்றி, ஸாமி மக்களிடம் ஒப்படைக்கவேண்டும். அவற்றைக் காட்சிக்கு வைப்பதா, ஒலிக்கச் செய்வதா என்பதை அம்மக்களே தீர்மானிக்கட்டும்.