‘எல்லாம் கவர் ஆயிடும் சார்’

தமிழ்நாட்டில் எந்த ஊர் டிராவல்ஸ் ஆபீசில் நுழைந்து, “ரெண்டு பேர், அந்தமான், ஏப்ரல் கடைசியில” என்று சொன்னாலும் ஏறக்குறைய ஒரே தாள்தான் மேசைமேல் வந்து விழும். ஐந்து இரவு, ஆறு பகல், மூன்று தீவு. செல்லுலார் ஜெயில், ஒலி-ஒளிக் காட்சி, ராஸ் தீவு, நார்த் பே, ராதாநகர் பீச், எலிஃபண்ட் பீச், காலாபத்தர், பரத்பூர், லக்ஷ்மண்பூர், ஹவுரா பிரிட்ஜ். கொஞ்சம் கூடப் பணம் கட்டினால் பாராடாங் சுண்ணாம்புக் குகையும் சேரும். “எல்லாம் கவர் ஆயிடும் சார், ஒண்ணுகூட விடாது” என்பார் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர். (2018-இல் ராஸ், நீல், ஹேவ்லாக் தீவுகளுக்கும் 2024-இல் போர்ட் பிளேருக்கும் அரசு புதுப் பெயர் வைத்துவிட்டது. சுற்றுலாத் தாள்களில் இன்னும் பழைய பெயர்தான் ஓடுகிறது. இங்கும் அப்படியே இருக்கட்டும்.)

அவர்மேல் தப்பு இல்லை. கேட்பதைத்தான் விற்கிறார். இவ்வளவு செலவு செய்து போகிறோம், பார்க்க இருப்பதையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் வர வேண்டும் என்ற நம்பிக்கை வாங்குபவரிடம்தான் இருக்கிறது. வேலையிலும் வீட்டிலும் களைத்துப்போய், நாலைந்து நாள் அக்கடா என்று கடலோரம் இருந்துவிட்டு வரலாம் என்று கிளம்பும் ஒரு தம்பதிக்கு இதைவிடக் கெடுதலான யோசனை கிடையாது.

அந்தத் தாளைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். முதல் நாள் விடிகாலை விமானம் என்றால், இரவு இரண்டு மணிக்கே எழுந்து கிளம்ப வேண்டும். சென்னையிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான பயணம். இறங்கி, அறைக்குப் போய், சாப்பிட்டு, கண்ணை மூடுவதற்குள் கீழே வண்டி வந்து நிற்கும்: செல்லுலார் ஜெயில். இரண்டாம் நாள் காலை படகேறி ராஸ், நார்த் பே. மூன்றாம் நாள் விடிவதற்கு முன் பெட்டி கட்டி ஹேவ்லாக். நான்காம் நாள் எலிஃபண்ட் பீச்சில் வரிசையில் நின்று, லைஃப் ஜாக்கெட் மாட்டி, பவளப்பாறைக்கு மேல் சில நிமிட மிதப்பு. ஐந்தாம் நாள் மறுபடி பெட்டி, மறுபடி படகு, நீல். ஆறாம் நாள் காலைப் படகில் போர்ட் பிளேர், அங்கிருந்து நேரே விமான நிலையம். ஆறு நாளில் மூன்று ஓட்டல், மூன்று பெரிய படகுப் பயணம், இரண்டு விமானம்.

“ஏங்க, நாளைக்கு ஒரு நாள் எங்கேயும் போகாம இருந்துடலாமா?”

“பணம் கட்டியாச்சேம்மா.”

மூன்றாம் இரவில் பல அறைகளில் நடக்கக்கூடிய உரையாடல் இது. கட்டிய பணம் திரும்பாது என்பது உண்மைதான். அதற்காக உடம்பையும் சேர்த்துக் கட்ட வேண்டுமா என்பதை யாரும் கேட்பதில்லை.

‘ஹேவ்லாக் - ஒன்றரை மணி நேரம்’ என்று தாளில் இருக்கும். அது படகு ஓடும் நேரம் மட்டுமே. அறையைக் காலி செய்வது, வண்டிக்குக் காத்திருப்பது, ஒரு மணி நேரம் முன்னதாகவே துறைமுகத்தில் பெட்டியைச் சோதனைக்குக் கொடுப்பது, அந்தப் பக்கம் இறங்கிக் கூட்டத்தில் தன் பெயர் எழுதிய அட்டையைத் தேடுவது, ஓட்டலில் அறை தயாராகும்வரை வரவேற்பறையில் கையில் இளநீரோடு உட்கார்ந்திருப்பது எல்லாம் கணக்கில் வராது. தீவு மாறும் ஒவ்வொரு முறையும் அரை நாள் காலி.

அந்த அரை நாளும் அந்தமானில் கொஞ்சம் வேறு மாதிரி. இந்திய நேரம் 82.5 பாகை தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. போர்ட் பிளேர் இருப்பதோ 92.7 பாகையில். மே மாதத்தில் அங்கே ஐந்து மணிக்கு முன்பே சூரியன் வந்துவிடும். மாலை ஐந்தே முக்காலுக்குள் போய்விடும். எட்டு மணிக்கு எழுந்து, ஒன்பதுக்கு இட்லி சாப்பிட்டு, பத்துக்குக் கிளம்பும் சென்னைப் பழக்கத்தை அங்கே கொண்டுபோனால், பகலில் பாதியை அறையிலேயே விட்டுவிட்டு உச்சி வெயிலுக்குள் இறங்கியதாக ஆகும். ராதாநகரில் காலை ஆறு மணிக்கு மணல் வெறிச்சென்று கிடக்கும், பின்னால் மகுவா மரங்களின் நிழல் இருக்கும். பேக்கேஜ் வண்டிகளெல்லாம் வந்து சேர்வது மாலையில், சூரியன் விழுவதைப் பார்க்க. டைம் பத்திரிகை 2004-இல் ஆசியாவின் சிறந்த கடற்கரை என்று பாராட்டிய இடத்தை அநேகம் பேர் பார்ப்பது செல்ஃபி கம்புகளுக்கு இடையில்தான்.

இதையெல்லாம்விடப் பெரிய சிக்கல் கடலுடையது. சென்னைக் கரையில் நீர் ஏறி இறங்குவது அவ்வளவாகக் கண்ணில் படாது. அந்தமானில் அதுதான் அன்றைய பொழுதைத் தீர்மானிக்கிறது. ஹேவ்லாக்கின் கிழக்குக் கரையில், விஜயநகர் பக்கம், நீர் ஏறியிருக்கும்போது இடுப்பளவு பச்சைத் தண்ணீரில் கிடக்கலாம். ஆறு மணி நேரம் கழித்து அதே இடத்தில் பாறையும் செத்த பவளமும் சேறுமாகத் தரை நீண்டு கிடக்கும். நீலின் ஹவுரா பிரிட்ஜ் என்கிற இயற்கைப் பாறை வளைவு இதற்கு நேர் எதிர். நீர் இறங்கினால்தான் அதனிடம் நடந்தே போக முடியும். இறங்கிய நேரத்தில் போனவருக்குக் குட்டைகளில் கடல் அட்டை, சிறு நண்டு, விரலளவு மீன்கள், பாறையிடுக்கில் உதடு விரித்திருக்கும் சிப்பி எல்லாம் கிடைக்கும். ஏறிய நேரத்தில் போனவருக்குக் கிடைப்பது ஈரமான செருப்பு. இந்த ஏற்ற இறக்கம் நாளுக்குச் சுமார் ஐம்பது நிமிடம் தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும். ஒரு தீவில் மூன்று நாள் இருப்பவர் எப்படியும் சரியான நேரத்தைப் பிடித்துவிடுவார். ஒரே ஒரு இரவு தங்குபவருக்கு அது அதிர்ஷ்டச் சீட்டு. தாளில் ‘காலை 11 - ஹவுரா பிரிட்ஜ்’ என்று அச்சடித்தவருக்கு நிலாவின் கணக்கு தெரியாது.

இந்த ‘ஒன்றுகூட விடக்கூடாது’ புத்தி எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் யாத்திரையிலிருந்துதான். கும்பகோணத்தைச் சுற்றி ஒரே நாளில் ஒன்பது நவக்கிரகக் கோயில். ஒரு வாரத்தில் ஆறுபடை வீடு. அங்கே முழுமைதான் பலன். எட்டுக் கோயிலோடு திரும்பினால் நேர்த்திக்கடன் நிறைவேறாது, மனசும் ஆறாது. அந்தக் கணக்கில் நியாயம் இருக்கிறது. அதே கணக்கைக் கடற்கரைக்குக் கொண்டுபோவதில்தான் கோளாறு. காலாபத்தரைப் பார்க்காமல் வந்ததற்காக எந்தச் சாமியும் கோபித்துக்கொள்வதில்லை.

சும்மா இருப்பதற்குச் சாதகமாகச் சான்று இருக்கிறதா என்று கேட்பவர்களுக்கு இரண்டு ஆய்வுகள். நெதர்லாந்தில் 1,530 பேரிடம் நடத்தி 2010-இல் வெளியான ஆய்வில், விடுமுறைக்குப் போய்வந்தவர்களுக்கும் போகாதவர்களுக்கும் ஊர் திரும்பியபின் மகிழ்ச்சியில் வித்தியாசம் தென்படவில்லை. ஒரே ஒரு கூட்டம் விதிவிலக்கு: தங்கள் பயணம் மிக நிதானமாக, அலுப்பே இல்லாமல் போனது என்று சொன்னவர்கள். சுமாராக ஓய்வு கிடைத்தது என்றவர்களுக்குக்கூட அந்தப் பலன் இல்லை. இரண்டாவது, ஜெசிகா டி புளூம் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 2012-இல் வெளியிட்டது. நாலைந்து நாள் குறுகிய விடுமுறை எடுத்த ஊழியர்களைத்தான் அவர்கள் பார்த்தார்கள். வேலை நினைப்பிலிருந்து விடுபட்டு இளைப்பாறியவர்களுக்கும், துணையோடு பேசுவதில் அதிக நேரம் செலவிட்டவர்களுக்கும் உடலும் மனமும் கூடுதலாகத் தேறின. எத்தனை இடம் பார்த்தார்கள் என்ற கணக்கு அந்த முடிவுகளில் எங்கும் வரவில்லை. புருஷன் பெண்டாட்டி உட்கார்ந்து பேசுவதற்கு ஆறு நாள் அட்டவணையில் இடம் எது? படகில் இன்ஜின் சத்தம், காரில் டிரைவர், ஓட்டலில் சார்ஜர் தேடல்.

முன்பெல்லாம் அந்தமானே இதற்கு உதவி செய்தது. சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் போய்ச் சேர்ந்தது 2020 ஆகஸ்டில்தான். அதுவரை ஹேவ்லாக்கில் போன் பெயருக்குத்தான் இருந்தது, ஆபீஸ் மெயிலும் கரையிலேயே நின்றுவிடும். இப்போது ராதாநகர் மணலில் உட்கார்ந்தே மீட்டிங்கில் தலையாட்டலாம். முன்னேற்றம்தான், யார் இல்லையென்றது!

‘எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும்’ என்பது எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்குப் பாராடாங் போதும். போர்ட் பிளேரிலிருந்து சுமார் நூறு கிலோமீட்டர் தூரம். ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் அணிவகுப்பாக வண்டிகளை விடும் நேரத்தைப் பிடிக்க விடிகாலை மூன்று மணிக்கே எழுந்து கிளம்ப வேண்டும். பிறகு கார், படகுத் துறை, ஸ்பீட் போட், வெயிலில் நடை, குகைக்குள் இருப்பதோ சொற்ப நேரம், திரும்பும்போது மாலை. அந்தச் சாலை போவது ஜாரவா பழங்குடியினரின் காட்டை ஊடறுத்து. சில நூறு பேரே எஞ்சியிருக்கும் மக்கள் அவர்கள். காப்புக்காட்டுக்குள் செல்லும் பகுதியை மூடச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2002-இலேயே உத்தரவிட்டது. பத்து வருடம் கழித்து, சுற்றுலாப் பயணிகளுக்காக ஜாரவாப் பெண்களை ஆடவைத்த வீடியோ வெளியாகி உலகமே முகம் சுளித்தது. இன்னமும் சாலை ஓடுகிறது. வண்டியை நிறுத்தக்கூடாது, படம் எடுக்கக்கூடாது என்று விதி இருக்கிறது; ஆனாலும் ஜன்னல் பக்கம் யார் உட்காருவது என்று வண்டிக்குள் ஏன் போட்டி நடக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். களைப்பு தீரப் போன தம்பதிக்கு இந்த ஜன்னலோரம் எதற்கு?

வானிலையும் மூன்று தீவுத் திட்டத்தை மதிப்பதில்லை. தென்மேற்குப் பருவமழை இந்தியாவில் முதலில் தொடுவது அந்தமான் பகுதியைத்தான்: 2022-இல் மே 16, 2023-இலும் 2024-இலும் மே 19, 2025-இல் மே 13. தமிழ்நாட்டுக்கு அப்போது நல்ல கோடை விடுமுறை. அங்கேயோ அலை எழும்பி, தண்ணீர் கலங்கி, படகு ரத்தாகத் தொடங்கும் காலம். 2016 டிசம்பரில் புயல்சின்னம் வந்தபோது ஹேவ்லாக்கிலும் நீலிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகள் மாட்டிக்கொண்டு, கடற்படைக் கப்பல்கள் போய்த்தான் மீட்டு வந்தன. அது அபூர்வம். ஒருநாள் படகு நிற்பது அபூர்வம் இல்லை. ஒரே தீவில் இருப்பவருக்கு அது இன்னொரு சோம்பல் பகல். மூன்று தீவுக்காரருக்கு இரண்டு ஓட்டல் முன்பணம், ஒரு விமான டிக்கெட், ஒரு சண்டை.

எதிர்த்தரப்பில் சொல்ல ஒன்றுமே இல்லை என்பதில்லை. வயதான பெற்றோரைக் கூட்டிக்கொண்டு, வாழ்நாளில் ஒருமுறை என்று போகிறவர்களுக்கு இந்தத் தாள் பொருந்தலாம். செல்லுலார் ஜெயில் விஷயமும் வேறு. 1896-இல் தொடங்கி 1906-இல் கட்டி முடித்த அந்தக் கட்டடத்தின் ஏழு சிறகுகளில் மிஞ்சியிருப்பவை மூன்று. அந்த அறைகளின் முன்னால் நிற்பதைக் கடற்கரைப் பட்டியலில் ஓர் உருப்படியாகச் சேர்ப்பதே அவமரியாதை. அதற்கென்று ஒரு மத்தியானம் முழுதாக வேண்டும். மற்றபடி, ‘சும்மா உட்காருவதற்கு மெரினா போதாதா?’ என்ற கேள்விதான் எதிர்த்தரப்பின் பெரிய ஆயுதம். போதாது. மெரினாவில் தெரிந்தவர் யாராவது வருவார், மாமியார் வீட்டிலிருந்து போன் வரும், ஏழு மணிக்கு மாவு வாங்க வேண்டியிருக்கும். கடல் தாண்டிப் போவதே அந்த மாவுக்கடைக்கு எட்டாத தூரத்தில் இருப்பதற்காகத்தான்.

ஆகவே நாலு இரவு உள்ளவர் செய்யக்கூடியது: மார்ச் அல்லது ஏப்ரல். இறங்கிய அன்றே மதியப் படகில் ஹேவ்லாக். கூட்டம் ஆகாது என்பவருக்கு நீல். இரண்டில் ஒன்றுதான். மூன்று இரவு ஒரே அறை, பெட்டியைக் காலி செய்து துணியை அலமாரியில் வைத்துவிடலாம். போன முதல் வேலை, ஓட்டல்காரரிடமோ டைவ் கடையிலோ நீர் ஏறி இறங்கும் நேரத்தைக் கேட்பது. பேச்சுத் துணைக்கும் குறைவில்லை, 2011 கணக்கெடுப்பின்படி அந்தமான் நிக்கோபாரில் நூற்றுக்குப் பதினைந்து பேருக்குத் தாய்மொழி தமிழ், ஆட்டோக்காரரே “எந்த ஊர்ண்ணே?” என்று கேட்கக்கூடும். ஸ்கூபா ஆசை இருந்தால் இரண்டாம் நாளே முடித்துக்கொள்வது நல்லது. ஒரு டைவ் என்றாலும் விமானம் ஏறக் குறைந்தது 12 மணி நேரமும், பல டைவ் என்றால் 18 மணி நேரமும் இடைவெளி வேண்டும். நான்காம் நாள் போர்ட் பிளேர் திரும்பி, மத்தியானம் ஜெயில், இரவு அங்கேயே தங்கல், மறுநாள் காலை விமானம். கடைசி இரவைத் தீவில் வைத்துக்கொண்டு அன்றைய படகை நம்பி விமானத்துக்கு ஓடுவது மட்டும் வேண்டாம்.

இரண்டாம் நாள் சாயங்காலம் இருவரில் ஒருவருக்குக் கட்டாயம் அரிப்பெடுக்கும்: “நீலுக்கும் ஒரு எட்டு போயிட்டு வந்திருக்கலாமோ?” சீசனில் அந்த நேரத்துக்குப் படகு டிக்கெட் பெரும்பாலும் தீர்ந்திருக்கும். அதுவும் நல்லதற்குத்தான்.